மூன்றே பிட்சர்களோடு ஓர் அக்டோபர்

கேள்வி: 5 அக்டோபர் 2024, சனி

அண்ணே, நீங்கள் பல வருடமாக லாஸ் ஏஞ்சலிஸ் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸின் ரசிகர் என்று தெரியும், அதனால் நேராகவே கேட்கிறேன். ஓட்டானிக்கு 10 வருடத்துக்கு 700 மில்லியன் டாலர். யமமோட்டோவுக்கு 12 வருடத்துக்கு 325 மில்லியன். இவ்வளவு கொட்டிய அணி, சீசன் முடிந்து பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றுகள் வந்ததும் காயம், காயம் என்றால் யார் நம்புவது? ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசும் ஸ்டார்ட்டர்கள் மூன்றே பேரை வைத்துக்கொண்டு, இறுதிச் சுற்றான உலகத் தொடரை வெல்ல முடியாது, இப்போது எதிரே இருக்கும் சான் டியாகோ பாட்ரேஸிடமே தோற்பீர்கள் என்பது என் கணிப்பு. இன்னொன்று: சரியாக நடக்கவே முடியாத உங்கள் முதல் பேஸ் ஆட்டக்காரர் ஃப்ரீமனை ஏன் ஆடவைக்கிறார்கள்?

5 அக்டோபர், இரவு

தம்பி, பணம் கொடுத்தால் பந்து வீசும் பிட்சர் வருவார். அவருடைய முழங்கைக்கு யார் உத்தரவாதம் தருவது?

யார் யார் இல்லை என்று பார். கிளாஸ்னோவுக்கு முழங்கை. கெர்ஷாவுக்குத் தோள்பட்டை. கேவின் ஸ்டோனுக்கும் தோள்பட்டை. கான்சொலின், ஷீஹன், ரிவர் ரயன் மூவரும் டாமி ஜான் என்ற முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். டஸ்டின் மேக்கு உணவுக்குழாய் கிழிந்து அறுவை சிகிச்சை. ஓட்டானிக்கே போன வருடம் முழங்கையில் கத்தி வைத்தார்கள், அதனால் இந்த வருடம் முழுக்க மட்டை மட்டும்தான். மீதி இருப்பது யமமோட்டோ, ஃப்ளாஹர்டி, பியூலர். யமமோட்டோ ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தோள்வலியில் இல்லை. பியூலர் இரண்டாவது டாமி ஜானுக்குப் பிறகு திரும்பி வந்து இந்த சீசனில் 1 வெற்றி, 6 தோல்வி. ஃப்ளாஹர்டி ஜூலை கடைசியில் டெட்ராய்ட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்.

இதோடு 98 ஆட்டம் ஜெயித்திருக்கிறார்கள். இந்த வருடம் எந்த அணியும் அத்தனை ஜெயிக்கவில்லை. நான் சாக்குச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்.

இன்று 7-5 என்று ஜெயித்தோம். ஓட்டானி பந்தை வேலிக்கு வெளியே தூக்கி, மூன்று ரன் தரும் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். ஆனால் யமமோட்டோ மூன்றே இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்துவிட்டார். பயமாகத்தான் இருக்கிறது.

ஃப்ரீமன் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. செப்டம்பர் 26 அன்று இதே பாட்ரேஸுடன் ஆடும்போது முதல் பேஸில் மோதி வலது கணுக்கால் பிசகியது. ஒன்பது நாள்தான் ஆகிறது. உட்காரவைக்க வேண்டும்.

6 அக்டோபர்

2-10. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

8 அக்டோபர், செவ்வாய்

சான் டியாகோவில் 5-6. பியூலர் இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் பிட்சர்கள் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, டியோஸ்கர் ஹெர்னாண்டஸ் கிராண்ட் ஸ்லாமும் (நான்கு ரன் தரும் ஹோம் ரன்) அடித்தார், போதவில்லை. தொடர் 1-2. இன்னும் ஒன்று தோற்றால் வீட்டுக்கு.

உன் கணிப்பு பலித்துவிடும் போலிருக்கிறது. 2022-ல் 111 ஆட்டம் ஜெயித்துவிட்டு இதே பாட்ரேஸிடம் இதே சுற்றில் போனோம். 2023-ல் 100 ஜெயித்துவிட்டு அரிசோனாவிடம் மூன்றுக்கு மூன்றும் தோற்றோம். அதில் முதல் ஆட்டத்தில் கெர்ஷா ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் ஆறு ரன் போனது. அந்த இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வருடமும் அப்படியா?

ஒரு திருத்தம். கெர்ஷாவுக்குத் தோள்பட்டை என்று முதலில் எழுதியது தவறு. தோளில் அறுவை சிகிச்சை நடந்தது போன நவம்பரில். இப்போது அவரை வெளியே வைத்திருப்பது இடது கால் பெருவிரலில் வளர்ந்த எலும்பு முள். ஒரு பெருவிரல் பிட்சரை நிறுத்துமா என்று வீட்டில் கேட்டார்கள். நிறுத்தும். இடது கைக்காரர் உந்திக் கிளம்புவது இடது காலில்தான்.

9 அக்டோபர், நள்ளிரவு

8-0.

எப்படி என்று சொல்கிறேன். நாளைக்கு ஸ்டார்ட்டர் இல்லை என்று நேற்றே தெரியும். எட்டு பேர் போட்டார்கள். பிரேசியர், பாண்டா, கோபெக், வேஸியா, ஃபிலிப்ஸ், ஹட்சன், டிரைனன், நாக். ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம், ஆனால் முழு பலத்தோடு. எட்டு பேரும் சேர்ந்து ஒரு ரன் கொடுக்கவில்லை. ஃப்ரீமனும் இல்லை, ஷார்ட்ஸ்டாப் ரோஹாஸும் இல்லை.

பேஸ்பால் அவ்வளவாகப் பார்க்காதவர்களுக்கு: ஒரு ஆட்டம் ஜெயிக்க 27 அவுட் வேண்டும். நல்ல ஸ்டார்ட்டர் ஒருவரே 18 எடுத்துக்கொடுப்பார், மிச்சத்தைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஸ்டார்ட்டரே இல்லையென்றால் அந்த 27-ஐ மூன்று மூன்றாக, நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும். இதைத்தான் புல்பென் ஆட்டம் என்கிறார்கள். ஒருவர் சொதப்பினாலும் சீட்டுக்கட்டு மாதிரி எல்லாம் சரியும். ஒரு பிட்சர் வந்தால், இன்னிங்ஸ் முடிந்தாலொழிய, குறைந்தது மூன்று பேருக்காவது வீச வேண்டும் என்று 2020 முதல் விதி வேறு, உடனே மாற்றவும் முடியாது.

எனக்கு நினைவு வந்தது 2021 ஜனவரி, பிரிஸ்பேன். பும்ரா இல்லை, அஸ்வின் இல்லை, ஜடேஜா இல்லை, ஷமி இல்லை. வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போன நடராஜனும் நம்ம வாஷிங்டன் சுந்தரும் அங்கே முதல் டெஸ்ட் ஆடினார்கள். ஜெயித்தார்கள். இன்று இரவு அதே உணர்வு.

11 அக்டோபர், வெள்ளி

2-0. யமமோட்டோ ஐந்து இன்னிங்ஸ், இரண்டே ஹிட். எதிரே தார்விஷ். பிளேஆஃப் வரலாற்றில் இரண்டு பக்கமும் ஜப்பானில் பிறந்த ஸ்டார்ட்டர்கள் நின்றது இதுதான் முதல் முறை. கீக்கே ஹெர்னாண்டஸ் ஒரு ஹோம் ரன், டியோஸ்கர் ஒன்று, அவ்வளவுதான் ரன்கள். மூன்றாவது ஆட்டத்தில் அந்த ஆறு ரன்னுக்குப் பிறகு பாட்ரேஸ் 24 இன்னிங்ஸ் ஒன்றுமே எடுக்கவில்லை.

தம்பி, பாட்ரேஸ் கணிப்பு போச்சு.

14 அக்டோபர்

நேற்று அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்தில் ஃப்ளாஹர்டி நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ், 9-0. இவர் இந்த ஊர்ப் பையன், பர்பேங்க் பக்கம் வளர்ந்தவர். 33 இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல், 1966 பால்டிமோர் அணியின் பிளேஆஃப் சாதனையைத் தொட்டோம்.

இன்று மறுபடி புல்பென் ஆட்டம், 3-7. முதல் ஆளே, லிண்டோர், ஹோம் ரன். அடுத்த இன்னிங்ஸில் வியன்டோஸ் கிராண்ட் ஸ்லாம். நான் சொன்ன சீட்டுக்கட்டு இன்று சரிந்தது. எட்டு பேர் நன்றாக வீசிய அந்த இரவை நான் தந்திரம் மாதிரி எழுதிவிட்டேன். வேறு வழியில்லாமல் செய்தது அது.

15 அக்டோபர்

தம்பி தனியாகக் கேட்டான்: டாமி ஜான், டாமி ஜான் என்கிறீர்களே, அது யார்?

டாட்ஜர்ஸ் பிட்சர்தான். முழங்கையின் உட்பக்கம் எலும்புகளைப் பிணைக்கும் நார் ஒன்று இருக்கிறது. பந்தை வேகமாகச் சுழற்றி எறியும்போது முழு பாரமும் அதன்மேல்தான் விழும். 1974-ல் அவருக்கு அது அறுந்தது. அதுவரைக்கும் அது அறுந்தால் வேறு வேலை தேட வேண்டியதுதான். ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், அவருடைய மற்ற கையிலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கட்டினார். 1975 முழுக்க ஆடவில்லை. 1976-ல் வந்தார், 1989 வரை வீசினார். 288 வெற்றிகளில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை.

இன்றைக்கு அதே அணியில் வரிசையாக அதே அறுவை சிகிச்சை. எல்லோரும் முன்னைவிட வேகமாக வீசுகிறார்கள், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தில். நார் மட்டும் பழைய நார்தான். இதை நினைத்தால், கிளாஸ்னோ ஏன் ஒவ்வொரு வருடமும் படுத்துக்கொள்கிறார் என்று திட்டிய என் பழைய பேச்சு எனக்கே பிடிக்கவில்லை.

18 அக்டோபர்

8-0, 10-2, இன்று 6-12. தொடர் 3-2. ஃப்ரீமன் நேற்று ஆடவில்லை, இன்று ஆடினார். அவர் மைதானத்தில் நடப்பதை நேரில் பார்த்த ஒரு நண்பர், நடுவே நடுவே காலை ஊன்றாமல் நிறுத்திக்கொள்கிறார் என்றார்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மாவட்டக் கபடிப் போட்டி, அரையிறுதி. கணுக்கால் பிசகியது. எங்கள் பி.டி. வாத்தியார் ஒரு ஈரத்துணியை இறுக்கிக் கட்டி, ‘ஒண்ணும் ஆகாது, போ’ என்று இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார். போனேன். தோற்றோம். இன்றைக்கு 405 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் பிரேக்கும் ஆக்சிலேட்டருமாக மிதித்தால் அன்று இரவு வீங்கும். 14 வயதில் ‘முடியாது சார்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஃப்ரீமனுக்கு 35 வயது, சொல்லலாம். ஆனால் சொல்ல மாட்டார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

20 அக்டோபர், ஞாயிறு

10-5. உலகத் தொடருக்குப் போகிறோம்! இதுவும் புல்பென் ஆட்டம்தான், கோபெக் ஆரம்பித்தார். ஃப்ரீமன் இன்று உட்கார்ந்துவிட்டார். எட்மன் நான்கு ரன் கொண்டுவந்தார், தொடர் முழுக்க 11, அவருக்குத்தான் தொடரின் சிறந்த வீரர் விருது. இந்த எட்மனே ஆகஸ்ட் பாதிவரை மணிக்கட்டும் கணுக்காலும் சரியில்லாமல் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். காயத்தோடு இருந்தவரைத்தான் வாங்கினார்கள். அப்போது நான் எதிர்த்தேன். நான் சொன்னது தவறு.

22 அக்டோபர்

எங்கள் பழைய பிட்சர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா போய்விட்டார். 63 வயது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மெக்சிகோக்காரர். மாலையில் வாசலில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஸ்பானிய ஒலிபரப்பு. நானும் போய் உட்கார்ந்தேன். டாட்ஜர் ஸ்டேடியம் இருக்கும் சாவேஸ் ரவீன் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த இடம், 1950-களில் அவர்களைக் காலி செய்தார்கள். அந்த வலியால் அவருடைய அப்பா பல வருடம் அந்தப் பக்கமே போகவில்லையாம். 1981-ல், சோனோராவிலிருந்து வந்த 20 வயதுப் பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டு பந்து வீசுகிறான் என்றதும், மகனைக் கூட்டிக்கொண்டு போனாராம்.

இந்த வருடம் போலவே அந்த வருடமும் உலகத் தொடரில் எதிரி நியூயார்க் யாங்கீஸ்தான். மூன்றாவது ஆட்டத்தில் ஃபெர்னாண்டோ 147 பந்து வீசி முழு ஆட்டத்தையும் முடித்தார், 5-4. இன்றைக்கு எந்த மேனேஜரும் அதை அனுமதிக்க மாட்டார். பெரியவர் பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் 1988-ல் அணி மறுபடி உலகத் தொடர் ஜெயித்தபோது, தோள் போய், அவர் வீச முடியாமல் இருந்தார். அன்றைக்கு அதைப் பேச மனம் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

25 அக்டோபர், வெள்ளி, இரவு

கை நடுங்குகிறது.

உலகத் தொடரின் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், நாங்கள் 2-3 பின்னால். ஓட்டானி அடித்த பந்தை யாங்கீஸின் வெர்டூகோ பிடித்து அப்படியே வேலிக்கு மேலே கூட்டத்துக்குள் விழுந்தார். இரண்டு அவுட். அடுத்து வந்த எங்கள் பெட்ஸை அடிக்க விடாமல், வேண்டுமென்றே வாக் கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். பேஸ் மூன்றும் நிறைந்தது. நொண்டுகிற ஃப்ரீமனுக்குப் பந்து போடுவது மேல் என்று நினைத்திருப்பார்கள். யாங்கீஸ் பிட்சர் கோர்டஸ் அவருக்குப் போட்ட முதல் பந்து. ஃப்ரீமன் மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். பந்து வலது பக்கக் கூட்டத்தில். 6-3. உலகத் தொடர் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம்.

பேஸ்களைச் சுற்றி முடித்ததும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலைக்கருகே இருந்த அப்பாவிடம் ஓடினார். சின்ன வயதிலிருந்து அவருக்குப் பந்து போட்டுப் பழக்கியவர் அந்த அப்பா. எனக்கு அங்கேதான் உடைந்தது.

பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ‘கிப்சன்! கிப்சன்!’ என்று கத்தினார். 1988 அக்டோபர் 15, இதே மைதானம், இதே முதல் ஆட்டம், இரண்டு காலும் சரியில்லாத கர்க் கிப்சன் எக்கர்ஸ்லியின் பந்தைத் தூக்கி அடித்து முடித்தது. இவ்வளவு நாள் நான் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ரசிகன். இன்று எனக்கே ஒன்று கிடைத்தது.

தம்பி, உட்காரவைக்க வேண்டும் என்று நானும் சொன்னேன். நாளைக்குப் பேசுவோம்.

26 அக்டோபர்

பேசுகிறேன். நேற்று முதல் இன்னிங்ஸில் ஃப்ரீமன் டிரிபிள் அடித்ததை யாரும் சொல்லவில்லை. அந்தக் கணுக்காலோடு மூன்றாவது பேஸ் வரை ஓடினார். மீண்டும் பார்த்தேன். பாதம் தரையில் படும்போதெல்லாம் முகம் சுருங்குகிறது. ஹோம் ரன் என்றால் மெதுவாகச் சுற்றி வரலாம். இது ஓட்டம்.

இன்று 4-2. யமமோட்டோ ஆறு இன்னிங்ஸுக்கு மேல், ஒரே ஹிட். ஆனால் ஏழாவதில் ஓட்டானி இரண்டாவது பேஸுக்குச் சறுக்கும்போது இடது தோள் நழுவியது. மைதானத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. இத்தனை பேர் போனது போதாதா?

28 அக்டோபர்

நியூயார்க்கில் 4-2. பியூலர் ஐந்து இன்னிங்ஸ், ரன்னே இல்லை. ஓட்டானி சட்டைக் கழுத்தை இடது கையால் பிடித்துக்கொண்டே பேஸில் நின்றார், தோள் அசையக் கூடாதென்று. ஃப்ரீமன் மறுபடி ஹோம் ரன்.

29 அக்டோபர்

4-11. மறுபடி புல்பென் ஆட்டம். ஹட்சன் வீசிய பந்தில் யாங்கீஸின் வோல்பி கிராண்ட் ஸ்லாம். ஹட்சனைத் திட்டாதீர்கள். இரண்டு டாமி ஜான், முழங்காலில் ஒரு பெரிய காயம், எல்லாவற்றையும் தாண்டி நிற்கும் மனிதர். நடுவில் வந்து வீசும் நல்ல ரிலீவர்களை எங்கள் மேனேஜர் ராபர்ட்ஸ் இன்று இறக்கவில்லை, நாளைக்கு வைத்துக்கொண்டார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

30 அக்டோபர், புதன்

7-6. சாம்பியன்!

0-5 பின்னால் இருந்தோம். ஃப்ளாஹர்டி இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. யாங்கீஸ் பிட்சர் கோல் நான்கு இன்னிங்ஸ் ஒரு ஹிட் கொடுக்கவில்லை. ஐந்தாவதில் அவர்களுடைய ஆரன் ஜட்ஜ் ஒரு சாதாரண கேட்சை விட்டார், வோல்பி தவறாக எறிந்தார், பெட்ஸ் உருட்டிய பந்துக்கு கோல் முதல் பேஸை மூட ஓடவே இல்லை, ஒரு ரன். ஃப்ரீமன் இரண்டு ரன், டியோஸ்கர் இரண்டு ரன், 5-5.

என் மனதில் நிற்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஆறாவதிலிருந்து டிரைனன் ஏழு அவுட். எட்டாவதில் சிக்கல் வந்தபோது ராபர்ட்ஸ் போய் அவர் நெஞ்சில் கை வைத்துப் பேசிவிட்டு, மாற்றாமல் திரும்பினார். ஒன்பதாவதில், ஒரே ஒரு நாள் ஓய்வோடு, ரிலீவர் அல்லாத பியூலர். இரண்டு முறை முழங்கை கட்டிய, 1-6 என்று சீசன் முடித்த அதே ஆள். கடைசியாக வெர்டூகோ ஸ்டிரைக் அவுட். மொத்தம் எட்டு பேர் வீசினார்கள். மூன்று ஸ்டார்ட்டர்கள் போதாது என்று சொன்னாயே, போதவில்லைதான். மற்றவர்கள் வந்து அவுட் அவுட்டாகச் சேர்த்தார்கள்.

ஃப்ரீமன்: முதல் நான்கு ஆட்டத்திலும் ஹோம் ரன், மொத்தம் 12 ரன் கொண்டுவந்தார், 1960-ல் பாபி ரிச்சர்ட்சன் வைத்த சாதனைக்குச் சமம். ஓட்டானி 19-க்கு 2. அவருக்காகவும் மகிழ்ச்சிதான்.

1 நவம்பர்

ஊர்வலம். இன்று ஃபெர்னாண்டோவின் பிறந்தநாள். பெரியவர் பழைய 34-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கால் வலித்தது, ஓரமாக ஒரு கடைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன்.

இன்னொரு செய்தி. ஃப்ரீமனுக்குக் கணுக்கால் மட்டும் இல்லையாம். எங்கள் பிளேஆஃப் தொடங்குவதற்கு முந்தின நாள் பயிற்சியில் ஆறாவது விலா எலும்பின் குருத்தெலும்பு உடைந்திருக்கிறது. அதோடுதான் அத்தனை ஆட்டமும். ஆட வேண்டாம் என்று அப்பாவே சொன்னாராம்.

நான் அக்டோபர் 5-ல் கணுக்காலை நினைத்து ‘உட்காரவைக்க வேண்டும்’ என்றேன். விலா பற்றித் தெரிந்திருந்தால் இன்னும் உரக்கச் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் 25-ஆம் தேதி இரவு இல்லை. இரண்டும் என் மனதில் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்றைவிட்டு ஒன்றை எடுக்க முடியவில்லை.

6 நவம்பர்

ஓட்டானிக்கு நேற்றுத் தோள் அறுவை சிகிச்சை.

7 டிசம்பர்

ஃப்ரீமனுக்கும் இந்த வாரம் கணுக்காலில் அறுவை சிகிச்சை முடிந்தது.

தம்பி கேட்கிறான்: ‘அண்ணே, அடுத்த வருடம் இதே நிலைமை வந்தால் ஆடச் சொல்வீர்களா, வேண்டாம் என்பீர்களா?’

முதலில், அவருக்கும் எனக்கும் வித்தியாசம் உண்டு. அவரை யாரும் துணி கட்டித் தள்ளவில்லை, மருத்துவர்கள் இருந்தார்கள், மூன்று ஆட்டம் உட்காரவும் வைத்தார்கள். முடிவு அவருடையது. அதனால் இனி ‘உட்காரவைக்க வேண்டும்’ என்று எழுத மாட்டேன். ‘ஆட வேண்டும்’ என்றும் எழுத மாட்டேன்.

முதல் ஆட்டத்தின் பதிவை வாரத்துக்கு ஒரு முறையாவது போட்டுப் பார்க்கிறேன். பத்தாவது இன்னிங்ஸை முழுதாகப் பார்ப்பேன், அப்பாவிடம் ஓடும் இடம் உட்பட. முதல் இன்னிங்ஸில் அந்த மூன்றாவது பேஸ் ஓட்டம் வரும்போது மட்டும் தள்ளிவிட்டுவிடுகிறேன்.